கண்ணாத்தையின் பின்னால் போன கிணறு

முதிரையடிக்குளத்தில் குடியேறியவர்கள் எல்லோரும் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு ராசாவுக்குக் குத்தகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ராசா அவர்களைக் கண்டதில்லை, அவர்களும் ராசாவைக் காசில்தான் கண்டிருந்தார்கள், அதுவும் கழுத்துக்கு மேலே மட்டும். யாரும் உழாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று சட்டம் சொன்னது. ஆகவே வன்னிக் காடும், காட்டுக்குள் கரடியும், கரடி தின்கிற பாலைப்பழமும், பழம் விழுகிற மண்ணும் முடிக்குரியவையாக இருந்தன. அந்த மண்ணைத் துண்டு துண்டாக அளந்து, மூலைக்கு மூலை கல் நட்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டில் கால் ஊன்ற ஒரு சாண் நிலமில்லாத குடும்பங்களுக்கு அரசாங்க அலுவலகமான கச்சேரி குத்தகைக்குக் கொடுத்தது.

ஐயம்பிள்ளையும் அவன் பெண்சாதி கண்ணாத்தையும் அப்படி வந்தவர்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. காட்டை வெட்டிச் சுட்டு, வேர் கிளப்பி, யானை மிதித்ததை மறுபடி நட்டு, கடைசியாகக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். முதிரையடிக்குளத்து நிலத்தில் எங்கே தோண்டினாலும் ஆளுயரத்துக்குக் கீழே கல் வரும், கல்லைத் தாண்டினால் உவர் வரும். மற்றவர்கள் உவரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐயம்பிள்ளை நிறுத்தவில்லை. அவன் கீழே நின்று அலவாங்கால் கல்லைக் குத்த, அவள் மேலே நின்று கடகத்தில் மண்ணும் கல்லும் சுமந்தாள், சுமந்து சுமந்து உச்சந்தலையில் மயிர் உதிர்ந்து ஒரு வட்டம் விழுந்தது, அந்த வட்டம் அவள் சாகும்வரை மூடவேயில்லை. ஒருநாள் உவருக்கும் கீழே ஒரு ஊற்று வந்தது. அதைக் குடித்தவர்கள் இளநீர் என்றார்கள். இறைக்கத் துலா நட்டு, கல்லால் கட்டு எழுப்பியதும் ஊர் முழுக்க அங்கேதான் குடத்தோடு வந்தது, கண்ணாத்தையும் ஒரு நாளும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

பிறகு விலைகள் விழுந்தன. எங்கோ ஒரு தேசத்தில் உலகத்துச் சந்தைகள் எல்லாம் ஒன்றாய்ச் சரிந்தன என்றும், அதனால் மலைநாட்டுத் தோட்டங்கள் மூடிக்கிடக்கின்றன என்றும், அதனால் நெல்லையும் புகையிலையையும் வாங்க ஆளில்லை என்றும் வண்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள். புகையிலை கட்டுக்கட்டாய்க் கொட்டிலில் கிடந்து பூஞ்சணம் பிடித்தது. நெல்லைத் தின்னலாம், ஆனால் குத்தகையை நெல்லாய்க் கட்ட முடியாது. ராசாவின் தலை உள்ள காசாய்த்தான் கட்ட வேண்டும், அந்தத் தலைதான் எங்குமே காணவில்லை.

மற்ற இடங்களில் காணி அதிகாரிகள் இந்த வருஷம் குத்தகைக் காசு அறவிட வழியில்லை, தள்ளுபடி செய்யுங்கள் என்று மேலே எழுதினார்கள். முதிரையடிக்குளத்துக்கு வந்து வாய்த்தவர் இராசநாயகம். அவரை எல்லோரும் காணித் துரை என்றார்கள். கைலஞ்சம் வாங்காதவர், வெற்றிலை நீட்டினால்கூட எடுக்காதவர், யாரையும் கெட்ட வார்த்தை சொல்லி ஏசாதவர். குடியானவனையும் "நீர்" என்றுதான் அழைப்பார். அரசாங்கம் சம்பளங்களை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. கந்தோரில் அவருக்குப் பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாய் வெறுமையாகின. தன் மேசை நிலைக்க வேண்டுமானால் தன் பகுதியில் ஒரு காணியும் நிலுவை வைக்கக்கூடாது என்று அவர் முடிவுகட்டினார். கட்டாதவர்களின் கலப்பையை எடுத்தார், எருமையை எடுத்தார், ஒரு வீட்டில் எடுக்க ஒன்றுமில்லாதபோது கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். எடுத்த ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஐயம்பிள்ளையின் முறை வந்தபோது அவன் குளிர்காய்ச்சலில் கிடந்தான். அந்த வருஷம் மழை பொய்த்து, குளம் வற்றி, குட்டைகளில் நுளம்பு பெருகி, வீட்டுக்கு ஒருவராவது பாயில் கிடந்தார்கள். இராசநாயகம் ஊர்த் தலைவரான விதானையாரோடும் இரண்டு பொலிசுக்காரரோடும் காலையிலேயே வந்து, குத்தகை ரத்தான கடிதத்தை வாசித்துக் காட்டி, நோயாளியைப் பாயோடு தூக்கி எல்லைக் கல்லுக்கு அப்பால், தெருவோரத்துப் பாலைமரத்தின் கீழே, மரியாதையாகவே கிடத்தச் சொன்னார். கிணற்றைச் சுற்றி முள்ளு அடைக்கச் செய்தார்.

வெயில் ஏறியது. ஐயம்பிள்ளை தண்ணீர் கேட்டான்.

கண்ணாத்தை எல்லைக் கல்லுக்கு வந்து கையைக் கூப்பினாள். "துரை, ஒரு வாளி. மனிசன் நெருப்பாய்க் கொதிக்குது. ஒரேயொரு வாளி."

இராசநாயகம் கோபிக்கவில்லை. "நான் சொல்லுறதைக் கவனமாய்க் கேளும் பிள்ளை. குத்தகை ரத்தாகிப் போச்சு. இனி இந்தக் காணிக்குள்ளை இருக்கிறதெல்லாம் முடிக்குரியது, கிணறும் சேர்த்துத்தான். நான் இப்ப ஒரு வாளி அள்ளவிட்டால், உமக்கு இன்னும் உரித்து இருக்கெண்டு நான் ஒத்துக்கொண்டதாய்ப் போயிடும். நாளைக்கு வழக்கெண்டு வந்தால் கோட்டிலை அதைத்தான் கேப்பினம்."

"கோட்டுக்கு ஆர் துரை போறது? அவர் தண்ணியெல்லோ கேக்கிறார்."

"எனக்கு விளங்குது. ஆனால் ஏலாது."

ஊர் அவ்வளவும் தெருவில் நின்றது. பாலைமரத்துக்கு எதிர்வளவு தம்பையாவுடையது. அவன் வீட்டுக் குடத்தில் முதல்நாள் அதே கிணற்றில் அள்ளிய தண்ணீர் இருந்தது. அவன் ஒரு செம்பில் வார்த்துக்கொண்டு வேலிப் படலைவரை வந்துவிட்டான். இராசநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"உம்மடை குத்தகையும் நிலுவையிலைதானே, தம்பையா?"

தம்பையா செம்பைப் படலையடியில் வைத்தான். வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் நின்றான். அவனுக்குப் பின்னால் செம்போடு வரலாம் என்று நினைத்தவர்கள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவர்களில் நிலுவை இல்லாதவர் ஒருவருமில்லை. கண்ணாத்தை எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு குளத்துக்கு ஓடினாள். எருமைகள் புரண்ட சேற்றில் சேலைத் தலைப்பைத் தோய்த்துக்கொண்டு ஓடி வந்து அவன் வாயில் பிழிந்தாள், பிழிந்தது கடைவாயால் வழிந்தது. ஐயம்பிள்ளை ஏற்கெனவே செத்துப் போயிருந்தான்.

அவள் அழவில்லை. அவனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றும் அழவில்லை. காடாற்றிவிட்டுச் சாம்பல் ஒட்டிய கையோடு நேரே தன் பழைய வளவுக்கு வந்து, முள்வேலிக்கு வெளியே நின்று, நல்ல வெயிலில், காவலுக்கு நின்ற பொலிசுக்காரனும் தெருவால் போன சனமும் பார்த்துக்கொண்டிருக்க, படுத்திருக்கும் பசுவை எழுப்புகிற குரலில் கிணற்றைக் கூப்பிட்டாள்.

"எழும்பு. போவம்."

கிணறு எழும்பியது. முதலில் துலா ஒரு தரம் தலையாட்டியது. பிறகு கட்டுக் கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கறகறத்தன. பிறகு கிணறு இருந்த இடத்திலிருந்து மெல்ல அசைந்து, முள்வேலியைப் பிரித்துக்கொண்டு, தெருவுக்கு வந்தது. அது போன வழியில் முன்னால் மண் விலகியது, பின்னால் மண் மூடியது, உள்ளே தண்ணீர் தளும்பிய சத்தம் கேட்டது, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பொலிசுக்காரன் சுமைவண்டிக்கு ஒதுங்குவதுபோல ஓரமாய் ஒதுங்கி நின்றான். காவலில் இருந்த கிணறு உரிமைக்காரியோடு வெளியேறியது என்று பிறகு அவன் வாக்குமூலம் கொடுத்தான். அதில் ஒரு சொல்லையும் யாரும் பொய் என்று சொல்லவில்லை. உரிமைக்காரி என்ற சொல்லைத்தான் மேலதிகாரி வெட்டினார்.

கண்ணாத்தை பெரிய தெருவில் ஏறித் தெற்கே நடந்தாள், கிணறு பின்னால் நடந்தது. அவள் இளைப்பாறிய இடத்தில் அதுவும் இளைப்பாறியது. வழியில் உள்ள ஊர்களில் சனம் வாசலுக்கு வந்து பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டு, துரையின் வீட்டுக்கு என்று அவள் சொன்னதும் அது சரிதான் என்பதுபோலத் தலையாட்டி, குடங்களை எடுத்து வந்து அள்ளிக்கொண்டார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் தங்கள் மாடுகளுக்குக் காட்டினார்கள். ஒரு கிழவன் மட்டும், கிணறு தெருவில் போனால் வண்டி வரி கட்ட வேண்டுமா என்று விசாரித்தான்.

கச்சேரி இருந்த பட்டினத்தை அடைந்ததும் கண்ணாத்தை இராசநாயகத்தின் பங்களா வாசலுக்கு எதிரே, தெருவோரத்து வாகைமரத்தடியில் சேலையை விரித்து இருந்தாள். கிணறு அவளுக்குப் பக்கத்தில் இறங்கி அமர்ந்தது.

அந்த வறட்சியில் பட்டினத்துக் கிணறுகள் ஏற்கெனவே அடிமண் காட்டிக்கொண்டிருந்தன. இது வந்து ஒரு கிழமைக்குள் அவை முழுக்க வற்றின. நடந்து வந்தது மற்றவற்றின் ஊற்றைக் குடித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள், மழை இல்லாததால் என்று சிலர் சொன்னார்கள், இரண்டு கூட்டமும் குடத்தோடு ஒரே வரிசையில் நின்றுதான் சொன்னார்கள். அந்தப் பட்டினத்தில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் தள்ளி நின்று அடுத்தவர் வார்க்கக் கையேந்த வேண்டும் என்பது பிறக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாகைமரத்தடிக் கிணற்றுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை, கண்ணாத்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவீட்டுக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள், பிறகு எல்லோரும் ஒரே துலாக்கயிற்றைப் பிடித்தார்கள். தேத்தண்ணிக் கடை ஒன்று முளைத்தது. கோட்டுக்கு வந்தவர்கள் அங்கே கால் கழுவினார்கள். கச்சேரிப் பியோன்கள் குடம் குடமாய்க் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள், கச்சேரிக்குப் பெரியவரான ஏசண்டர்துரையின் தேநீரும் அந்தத் தண்ணீரில்தான் கொதித்தது.

கண்ணாத்தை எல்லோருக்கும் ஒன்றையே சொன்னாள். "ஆரும் அள்ளுங்கோ. காணித் துரையின்ரை வாய்க்கு மட்டும் இல்லை."

முதல்நாள் பங்களாப் பியோன் சுவாம்பிள்ளை அதைக் காதில் வாங்காமல் ஒரு குடம் அள்ளிக்கொண்டு போனான். படலை தாண்டினான், முற்றம் தாண்டினான், வாசற்படியில் கால் வைத்தான், தோளில் பாரம் இல்லாமல் போயிற்று. குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே கை வைத்தால் தூசி ஒட்டியது. மறுபடி அள்ளினான், மறுபடி அப்படியே ஆயிற்று. துரைக்கு என்று நினைக்காமல் தனக்கென்று அள்ளியபோது குடம் நிறைந்தபடியே உள்ளே வந்தது. அதிலிருந்து துரையின் கோப்பையில் வார்த்ததும் கோப்பை வறண்டது. சுவாம்பிள்ளை அந்தோனியாரைக் கும்பிட்டுவிட்டு, இனித் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று துரையிடம் பணிவாய்ச் சொன்னான்.

இராசநாயகம் வழக்குப் போட்டார். முடிக்குரிய காணியிலிருந்து முடிக்குரிய கிணற்றை அகற்றியது குற்றம் என்று எழுதினார். கிணறு அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று நீதவான் கேட்டார். அசையாச் சொத்து என்றால் அதைக் களவெடுக்க முடியாது, அசையும் சொத்து என்றால் அது காணியோடு சேர்ந்ததில்லை. அது தீருமட்டும் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு நீதவான் ஒரு குவளை தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தார். இராசநாயகம் ஏசண்டர்துரையிடம் முறையிட்டார். ஏசண்டர்துரை தன் மேசையில் இருந்த தேநீரைப் பார்த்துவிட்டு, இது மெதுவாய் ஆராய வேண்டிய விசயம் என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் சோடாப் பெட்டிகள் வந்தன. இராசநாயகம் சோடா குடித்தார், சோடாவில் முகம் கழுவினார், சோடாவில் சோறு வேகவைத்துத் தின்றார். அப்படியே குத்தகை அறவிடவும் போனார், ஏனென்றால் அந்த மாதம் அறவிடவேண்டிய மாதம்.

முதிரையடிக்குளம் அவருக்காகக் காத்திருந்தது. கிணறு போனதிலிருந்து அந்தச் சனம் பீப்பாய் வைத்த வண்டிகளில் பட்டினத்துக்குப் போய்த்தான் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கண்ணாத்தை தடுத்ததில்லை, ஆனால் அவர்கள் அள்ளுகிறபோது அவர்கள் பக்கம் திரும்பவுமில்லை. அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். துரை உச்சிவெயிலில் வளவு வளவாய் நடந்தார். யார் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் வைப்பது அந்த நாட்டு வழக்கம். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் வெறும் செம்பை வைத்தார்கள். கொண்டுவந்த சோடா நடுவழியிலேயே முடிந்துவிட்டது. அவருடைய உதடு வெடித்திருப்பதைச் சனம் பார்த்தது, பார்த்ததை அடுத்த வளவுக்குச் சொல்லி அனுப்பியது, சின்னஞ்சிறுசுகள் எல்லாம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தன. தம்பையா அவரை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய், குடத்தோடு வந்து, முற்றத்தில் நின்று அண்ணாந்து கடகடவென்று குடித்தான். மிச்சத்தைக் காலில் ஊற்றிக்கொண்டான்.

"காசு இல்லை துரை. இருக்கிறது தண்ணி மட்டும்தான். அது உங்களுக்கு ஆகாதாம்."

ஊரே சிரித்தது. விலைகள் விழுந்த பிறகு அந்த ஊரில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான், அது நெடுநேரம் ஓயவில்லை, இராசநாயகத்தின் முதுகுக்குப் பின்னாலேயே பெரியதெருவரை போயிற்று.

இராசநாயகத்தின் மனைவி மங்களேஸ்வரி நல்ல இடத்துப் பெண், வாசலுக்கு வெளியே தனியாய் வந்து பழகாதவள். சோடாப் பெட்டிகள் குறைந்து, ரயில்காரர்கள் பழைய பாக்கியைக் கேட்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அவள் தெருவைத் தாண்டி வந்து கண்ணாத்தையின் முன்னால் நின்றாள்.

"எனக்கும் இல்லையோ?"

"உங்களோடை எனக்கென்னம்மா கோபம்? குடியுங்கோ." கண்ணாத்தை எழும்பி, தானே துலாவை இழுத்து அள்ளி வார்த்தாள்.

மங்களேஸ்வரி குடித்தாள். இரண்டாம் முறை ஏந்தி வாய் நிறைய எடுத்துக்கொண்டாள், ஆனால் விழுங்கவில்லை. கன்னம் இரண்டும் உப்பியபடி திரும்பி, தெருவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கட்டிலில் இருந்த புருசனை நோக்கி ஓடினாள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். அவள் குனிந்து அவர் வாயோடு வாய் வைத்தபோது அவளுடைய வாய் அவருடையதைப்போலவே காய்ந்திருந்தது.

அவள் திரும்பி வந்து கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள். "அப்பிடி என்ன செய்தவர் உனக்கு?" என்று கேட்டாள். அதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காணி வழக்கொன்று என்றுதான் அவளுடைய புருசன் சொல்லியிருந்தார். கண்ணாத்தை சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், காலையிலிருந்து மத்தியானம்வரை நடந்ததைச் சொன்னாள். மங்களேஸ்வரி கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, ஒருத்தி விறாந்தையிலும் ஒருத்தி வாகைமரத்தடியிலும் இருந்தார்கள்.

பிறகு இராசநாயகத்துக்குக் காய்ச்சல் வந்தது. அதே குளிர்காய்ச்சல்தான். அப்போதிக்கரி வந்து கொயினா கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தலையைச் சொறிந்தார். அந்தச் செய்தி முதிரையடிக்குளத்துக்கு எட்டியதும் சனம் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. திருவிழாவுக்கு வருவதுபோலப் பிள்ளைகளோடும் கட்டுச்சோற்றோடும் வந்தது. பட்டினத்துச் சனமும் சேர்ந்துகொள்ளத் தெரு நிறைந்தது.

மாலை வெயிலில் இராசநாயகம் வெளியே வந்தார். மங்களேஸ்வரி ஒரு பக்கமும் சுவாம்பிள்ளை ஒரு பக்கமும் பிடித்திருந்தார்கள். மேற்சட்டைப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருந்தார். கண்ணாத்தையின் முன்னால் வந்து நின்று, பிடித்திருந்தவர்களை விடச்சொன்னார்.

"உம்மடை காணியைத் திருப்பித் தாறன்," என்றார். நாக்கு ஒட்டியதால் ஒவ்வொரு சொல்லையும் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. "நிலுவையும் இல்லை. நான் கையெழுத்து வைக்கிறன்."

"காணி எனக்கு என்னத்துக்கு துரை? அதிலை உழுறதுக்கு ஆள் இல்லை."

"அப்ப என்ன வேணும்?"

"அவர் தண்ணி கேட்டது உங்களுக்குக் கேட்டதோ?"

"கேட்டது."

"எத்தினை தரம் கேட்டவர் எண்டும் தெரியுமோ?"

"தெரியும்," என்றார் இராசநாயகம். அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "ஆனால் பிள்ளை, நான் சொன்னதிலை பிழை இல்லை. நான் ஒரு வாளி விட்டிருந்தால் உரித்தை ஒத்துக்கொண்டதாய்த்தான் போயிருக்கும்."

"குடுக்காதை கண்ணாத்தை!" என்று கூட்டத்துக்குள் தம்பையா கத்தினான். "குடுக்காதை! குடுக்காதை!" என்று முதிரையடிக்குளம் முழுக்கக் கத்தியது, அந்தச் சத்தத்தில் வாகைமரத்துக் காகங்கள் கலைந்து எழும்பின.

கண்ணாத்தை துலாவை இழுத்தாள். வாளி தளும்பத் தளும்ப மேலே வந்தது. அதை இராசநாயகத்தின் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள், தண்ணீரின் குளிர் அவர் முகத்தில் பட்டிருக்கவேண்டும், அவருடைய கண் மூடித் திறந்தது. கூட்டம் அடங்கியது.

"துரை, நான் சொல்லுறதைக் கவனமாய்க் கேளுங்கோ," என்றாள் அவள். "நான் இப்ப ஒரு வாளி தந்தால், நீங்கள் அண்டைக்குச் செய்தது சரியெண்டு நான் ஒத்துக்கொண்டதாய்ப் போயிடும்."

இராசநாயகம் அதை யோசித்தார். அவ்வளவு காய்ச்சலிலும், அவ்வளவு தாகத்திலும், நெற்றியைச் சுருக்கி, ஒரு மனுவை வாசிப்பதுபோல யோசித்தார். யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஓம்," என்றார். "அது சரி."

யாருடைய தோளையும் பிடிக்காமல் திரும்பி நடந்து உள்ளே போனார். கண்ணாத்தை வாளியைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஐயம்பிள்ளையைச் சுட்ட நாளிலிருந்து அவள் தலையில் பட்ட முதல் தண்ணீர் அது. மறுநாள் விடியுமுன் இராசநாயகம் செத்துப்போனார்.

பிணத்தைக் குளிப்பாட்ட எங்கே போவது என்று பங்களாவில் தவித்து நின்றபோது கண்ணாத்தை தானே குடம் குடமாய் அள்ளிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். அந்தத் தண்ணீர் வற்றவில்லை. மங்களேஸ்வரி வாசற்படிக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை.

"நீ செய்தது எனக்கு விளங்குது," என்றாள். "ஆனால் இனி என்ரை கண்ணிலை படாதை. கண்டால் நான் என்ன செய்வன் எண்டு எனக்குத் தெரியாது."

"நல்லதம்மா," என்றாள் கண்ணாத்தை. "அதுதான் முறை." கிணற்றை எழுப்பிக்கொண்டு அன்றே புறப்பட்டாள். அது போய் ஒரு கிழமைக்குள் மேகம் கறுத்து, பட்டினத்துக் கிணறுகளில் மறுபடி ஊறத் தொடங்கியது.

முதிரையடிக்குளத்தில் அவளை வரவேற்கப் பறை அடித்தார்கள். தெருவுக்குத் தோரணம் கட்டி, அவளுடைய பழைய வளவில் புல்லுச் செருக்கி, நிறைகுடம் வைத்திருந்தார்கள். அவள் வந்தாள், கிணறு வந்தது, இருவரும் நிற்காமல் நடந்தார்கள். தம்பையா ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"எங்கை அக்கை போறாய்? உன்ரை வளவெல்லோ இது. நாங்கள் எல்லாரும் உன்ரை பக்கம்தானே நிண்டனாங்கள்."

"எண்டைக்கு?" என்று கேட்டாள் கண்ணாத்தை.

பறை அடித்தவன் நிறுத்தினான். அவள் பதிலுக்காக நிற்கவில்லை. அவர்களோடு அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அவள் கடைசி எல்லைக் கல்லையும் தாண்டிக் காட்டுக்குள் போனாள். தண்ணீர் போன பக்கம் போகாமல் என்ன செய்வது? முதலில் ஒரு வீடு மூட்டை கட்டியது, பிறகு பக்கத்து வீடு, பிறகு தம்பையாவின் வீடு, பிறகு ஊர் முழுவதும். புதிதாய் வந்த காணி அதிகாரி குத்தகை அறவிட வந்தபோது முதிரையடிக்குளத்தில் கற்கள் மட்டும் மூலைக்கு மூலை நின்றன, வீடுகளுக்குள் ஆடாதோடை முளைத்திருந்தது. ஒரு சதமும் அறவிடாமல் திரும்பிப் போனார். காட்டுக்குள் தேட ஆகும் செலவு நிலுவையைவிட அதிகம் என்று கச்சேரி கணக்குப் பார்த்து அந்த விசயத்தைக் கைவிட்டது.

அளக்காத காட்டில், கல் நடாத மண்ணில், யாருக்கும் குத்தகை கட்டாமல் அவர்கள் வாழ்ந்தார்கள். மழை பெய்தது, புனம் விளைந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். கிணறு எல்லோருக்கும் கொடுத்தது. கண்ணாத்தை ஒரு குடத்தையும் மறித்ததில்லை. அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள், அதில் இருந்தாள். பண்டிகைக்குச் சேலை கொண்டுவந்து படலையில் வைத்தார்கள், அதை உடுத்தாள். ஆனால் முதிரையடிக்குளத்திலிருந்து வந்த யாரோடும் பேசவில்லை, யார் கையிலிருந்தும் குடிக்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளோடு மட்டும் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பு வேலிக்கு அப்பால் கேட்கிறபோது தகப்பன்மார் தலையைக் குனிந்துகொண்டு வேறு வேலை பார்த்தார்கள்.

கிழவியானபோது காய்ச்சல் அவளையும் பிடித்தது. கிணற்றடிக்கு எழும்பிப் போக ஏலாமல் பாயில் கிடந்தாள். அவளுடைய உதடு வெடித்ததைக் கண்டு ஊர் திரண்டது. அவர்கள் எல்லோருக்கும் அது தாங்கள் எவ்வளவோ காலமாய்க் காத்திருந்த வேளை என்று தெரிந்தது. செம்பும் மூக்குப்பேணியும் சிரட்டையுமாய் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நரைத்துக் கூனிப்போன தம்பையா எல்லோருக்கும் முன்னால் முழங்காலிட்டு, அவள் தலையை ஒரு கையால் தூக்கினான்.

"அக்கை, ஒரு வாய். ஒரேயொரு வாய் குடி. காலைப் பிடிக்கிறன்."

கண்ணாத்தை கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்றவர்களை ஒருவர் ஒருவராய்ப் பார்த்தாள். செம்பு அவளுடைய உதட்டில் தொட்டுக்கொண்டிருந்தது, தண்ணீர் விளிம்பில் நின்றது, அவளுடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.